வி-க்யூ ஸ்கேனில் இல்லாத எம்பாலிசம் தெரிவது ஏன்? அணு மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, அதாவது எம்பாலிசம் உள்ளதா என்று பார்க்க எடுப்பது வி-க்யூ ஸ்கேன். காற்று எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று ஒரு படம், ரத்தம் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் அது மிஸ்மேட்ச். எம்பாலிசத்துக்கு நாம் தேடும் அடையாளம் அதுதான். இரண்டும் ஒரே இடத்தில் குறைந்திருந்தால் மேட்ச். காற்று குறைந்த பகுதிக்குப் போகும் ரத்தத்தை நுரையீரல் தானாகவே குறைத்துக்கொள்ளும் என்பதால், மேட்ச் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் மூச்சுக்குழாயிலோ நுரையீரல் திசுவிலோ இருக்கும்.

இதுவரை பாடப்புத்தகம். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே மனதில் பதிய வேண்டியது வேறொன்று. மிஸ்மேட்ச் சொல்வது 'ரத்தத்தில் நாம் செலுத்திய கதிரியக்கத் துகள் இங்கே வந்து சேரவில்லை' என்பதை மட்டும்தான். ஏன் சேரவில்லை என்று அது சொல்வதில்லை. வயல் காய்ந்திருப்பதைப் பார்த்து வாய்க்காலில் மண் சரிந்ததா, மடை மூடியிருக்கிறதா, மேலேயே தண்ணீர் திருப்பிவிடப்பட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். தமனியை வெளியிலிருந்து ஒரு புற்றுக்கட்டி நசுக்கியிருக்கலாம். மூன்று வருடத்துக்கு முந்தைய அடைப்பின் மிச்சமாக இருக்கலாம். நோயாளிக்கு ஒன்றுமே இல்லாமல், நாம் ஊசி போட்ட விதத்தால் வந்த கோளாறாகவும் இருக்கலாம்.

தவறாக 'எம்பாலிசம்' என்று எழுதினால் அந்த நோயாளி குறைந்தது மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பார். வயதானவருக்கு அது மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவாக முடியலாம். மூச்சிரைப்பின் உண்மையான காரணம் ஹைலத்தில் (தமனியும் மூச்சுக்குழாயும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) வளரும் புற்றுநோயாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் நாளும் மூன்று மாதம் தள்ளிப்போகும். ஆகவே ஃபால்ஸ் பாசிடிவை, அதாவது இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் முடிவைத் தடுப்பது ரிப்போர்ட் எழுதும் மருத்துவரின் வேலை மட்டும் அல்ல. கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபில் மருந்து எடுப்பவரிடமிருந்தே அது தொடங்குகிறது. வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

1. நோயாளி மேசைக்கு வருமுன்

கோரிக்கைச் சீட்டில் 'மூச்சுத்திணறல், எம்பாலிசம் உள்ளதா' என்று மட்டும் எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சந்தேகம் எவ்வளவு வலுவானது என்பது படத்தின் பொருளையே மாற்றிவிடும். 1990-இல் வெளியான பயோபெட் ஆய்வு இதை எண்களோடு காட்டியது. ஸ்கேன் 'அதிக வாய்ப்பு' என்று சொன்னவர்களில், மருத்துவரின் முன்மதிப்பீடும் வலுவாக இருந்த 29 பேரில் 28 பேருக்கு ஆஞ்சியோகிராமில் எம்பாலிசம் இருந்தது. முன்மதிப்பீடு பலவீனமாக இருந்த 9 பேரில் 5 பேருக்குத்தான் இருந்தது. இரண்டாவது கூட்டம் சிறியது, அதை வைத்து சதவீதம் பேசக் கூடாது. ஆனாலும் போக்கு தெளிவு: எம்பாலிசம் என்ற சந்தேகம் குறைவாக உள்ள நோயாளியிடம் தெரியும் மிஸ்மேட்சை அப்படியே நம்பக் கூடாது. வெல்ஸ் ஸ்கோர் (அறிகுறிகளை வைத்து எம்பாலிச வாய்ப்பை மதிப்பிடும் புள்ளி), டி-டைமர் (ரத்தக்கட்டி இருந்தால் உயரும் ரத்தப் பரிசோதனை) இரண்டையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நோயாளியிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை. முன்பு எப்போதாவது நுரையீரலில் அல்லது காலில் ரத்தக்கட்டி வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா? நெஞ்சுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா? பிறவி இதய நோய்க்கு அறுவை நடந்திருக்கிறதா? இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்ளேஷன் (இதயத் திசுவைச் சுட்டுச் சரிசெய்வது) செய்தார்களா? காசநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா? ஆஸ்துமா உண்டா, இன்று இன்ஹேலர் எடுத்தீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு மிஸ்மேட்ச் காத்திருக்கிறது. ஐந்து நிமிடம்தான் ஆகும். பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையே வாங்கி வையுங்கள். பழைய ரிப்போர்ட்டில் 'வலது கீழ் மடலில் மிஸ்மேட்ச்' என்று இருந்தால், இன்று தெரிவது அதே செக்மென்டா (மடலின் உட்பிரிவு) பக்கத்துச் செக்மென்டா என்று படம் இல்லாமல் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நுரையீரல் சுருக்கம், நிமோனியா, நீர்க்கோர்வை எல்லாம் மணிக்கணக்கில் மாறக்கூடியவை. முந்தாநாள் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்பதை வைத்து இன்றைய குறையை 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாத இடத்தில் மிஸ்மேட்ச்' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இளைப்பு அதிகமாக இருக்கும் நோயாளிக்கு நெபுலைசர் மருந்து தேவைப்பட்டால் இரண்டு படங்களுக்கும் முன்பே கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கொடுத்தால், ஒன்று சுருங்கிய மூச்சுக்குழாயின் படமாகவும் மற்றொன்று விரிந்த மூச்சுக்குழாயின் படமாகவும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. இதே காரணத்தால் இரண்டு படங்களையும் இரு வேறு நாட்களில் எடுப்பதும் ஆபத்தானது.

2. ஹாட் லேபில்: துகள் கணக்கு

ரத்த ஓட்டப் படத்துக்குப் பயன்படுத்துவது டெக்னீசியம்-99எம் ஏற்றிய எம்.ஏ.ஏ., அதாவது மனித அல்புமின் புரதத்தின் திரள்கள். பெரும்பாலான துகள்கள் 10 முதல் 90 மைக்ரான் வரை இருக்கும். 150 மைக்ரானைத் தாண்டி எதுவும் இருக்கக் கூடாது. நுரையீரலின் நுண்நாளங்கள் இவற்றைவிடக் குறுகலானவை என்பதால் துகள்கள் முதல் சுற்றிலேயே அங்கே சிக்கிக்கொள்கின்றன. ஆயிரத்தில் ஒரு நாளத்துக்கும் குறைவாகவே அடைபடும், சில மணி நேரத்தில் துகள் உடைந்து கரைந்துவிடும். அதனால் நோயாளிக்குத் தீங்கில்லை.

பெரியவர்களுக்கு 40 முதல் 150 மெகாபெக்கரல், அதாவது 1 முதல் 4 மில்லிகியூரி. இதைப் புதியவர்கள் சரியாகவே அளந்துவிடுகிறார்கள். தவறவிடுவது துகள் எண்ணிக்கையை. பெரியவர்களுக்கு 2 லட்சம் முதல் 7 லட்சம் துகள் வரை போகலாம். நுரையீரல் ரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், ரத்தம் நுரையீரலைத் தவிர்த்து வலமிருந்து இடமாகப் பாயும் ஷன்ட் உள்ளவர்களுக்கும் 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை குறைக்கிறோம். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் துகள் நுரையீரல் முழுக்கச் சீராகப் பரவப் போதாது. படம் திட்டுத்திட்டாக வரும், அந்தத் திட்டுகளில் ஒன்று செக்மென்ட் போலவே தெரியும். ரத்த ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாத நுரையீரலிலிருந்து வரும் ஃபால்ஸ் பாசிடிவ் இது.

துகள் எண்ணிக்கை எப்படித் தவறுகிறது என்று ஒரு கணக்கு. வையலில் 60 லட்சம் துகள் இருக்கிறது, காலை 8 மணிக்கு 40 மில்லிகியூரி ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 4 மில்லிகியூரி எடுத்தால் அதோடு 6 லட்சம் துகள் வரும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு வையலில் 20 மில்லிகியூரிதான் மிச்சம், துகள் மட்டும் அதே 60 லட்சம். இப்போது 4 மில்லிகியூரி எடுத்தால் 12 லட்சம் துகள். மறுபக்கமும் உண்டு: அதே வையலில் 100 மில்லிகியூரி ஏற்றிவிட்டு, உடனே ஒரு மில்லிகியூரி மட்டும் எடுத்தால் துகள் 60 ஆயிரம்தான். ஆகவே எத்தனை மில்லிகியூரி என்று எழுதும் ஏட்டில் எத்தனை துகள் என்றும் எழுதுங்கள். கிட்டில் எத்தனை துகள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டியோடு வரும் தாளில் பாருங்கள்.

துகள்கள் வையலின் அடியில் படியும். எடுக்கும் முன் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள், நுரை வரும்படி குலுக்க வேண்டாம். சிரிஞ்சில் எடுத்து வைத்து நேரமானால் ஊசி போடும் முன் சிரிஞ்சையும் அதே மாதிரி புரட்டுங்கள்.

3. ஊசி போடும் இரண்டு நிமிடம்

நுட்பக் கோளாறால் வரும் ஃபால்ஸ் பாசிடிவ்களில் பெரும்பங்கு இங்கே உருவாகிறது என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறோம்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் போட்டால் ஈர்ப்பு விசையால் ரத்தம் கீழ்ப்பகுதிக்கே அதிகம் போகும், மேல் நுனிகள் வெளிறித் தெரியும். காற்றும் உட்கார்ந்த நிலையில் கீழேதான் அதிகம் போகிறது, ஆனால் ரத்தத்தின் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. அதனால் உட்கார்ந்து ஊசி போட்டவரின் இரு நுனிகளிலும் மிஸ்மேட்ச் போன்ற தோற்றம் வரும். ஒருக்களித்துப் படுத்திருந்தால் கீழே இருக்கும் நுரையீரல் நிறைந்தும் மேலே இருப்பது வெறிச்சென்றும் தெரியும். மூச்சுத்திணறலால் படுக்கவே முடியாதவர் என்றால் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாரோ அதே கோணத்தில் காற்றையும் இழுக்கவைத்து, அந்த நிலையைப் படத்திலேயே குறித்துவிடுங்கள்.

நரம்பில் ஊசி ஏறிவிட்டதா என்று பார்க்க, மருந்து இருக்கும் சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுக்கக் கூடாது. ரத்தம் கலந்தால் அதில் சிறு கட்டிகள் உண்டாகி, எம்.ஏ.ஏ. அவற்றில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் பளிச்சென்ற புள்ளிகளாக இறங்கும். அவை அசிங்கமாகத் தெரிவது மட்டும் பிரச்சினை அல்ல. கணினி படத்தின் பிரகாசத்தை மிக அதிக கவுன்ட் (கேமரா எண்ணிய கதிர்கள்) உள்ள புள்ளியை வைத்து அளவிடுகிறது. ஒரு சூடான புள்ளி இருந்தால் மற்ற நுரையீரல் முழுவதும் மங்கிப்போகும். ஏற்கெனவே கொஞ்சம் குறைவாக இருந்த இடம் வெற்றிடம் போலத் தெரியும். சரியான வழி எளிது: தனியாகக் கான்யுலா போட்டு, சலைனால் சோதித்து, அதன்பின் எம்.ஏ.ஏ.-யைச் செலுத்தி, மீண்டும் சலைனால் கழுவிவிடுங்கள். அந்த வழியில் ஃபில்டர் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் துகள் அங்கேயே நின்றுவிடும்.

வேகமாகத் தள்ளாதீர்கள். நோயாளி சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, சுமார் 30 விநாடியில் மெதுவாகச் செலுத்துங்கள். ஒரே தள்ளில் போனால் அந்த ஒரு மூச்சில், அந்த ஒரு இதயத் துடிப்பில் ரத்தம் எங்கே போனதோ அதுதான் பதிவாகும்.

ஐ.சி.யூ. நோயாளிகளிடம் ஏற்கெனவே இருக்கும் சென்ட்ரல் லைனில் போடச் சொல்லிக் கேட்பார்கள். முனை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். நுரையீரல் தமனிக்குள் முனை உள்ள ஸ்வான்-கான்ஸ் குழாய் வழியாகப் போட்டால், இதயத்தில் கலக்கும் வாய்ப்பே இல்லாமல் துகள் எல்லாம் ஒரு பக்க நுரையீரலுக்குப் போய்விடும். மறுபக்கம் முழுவதும் வெறுமை. காற்றுப் படமோ நன்றாக இருக்கும். கை நரம்பே முதல் தேர்வு. கையில் வீங்கிச் சிவந்த, ரத்தக்கட்டியுள்ள நரம்பு வேண்டாம்; அங்கிருந்து சிறு கட்டிகள் துகளோடு போய்ச் சூடான புள்ளிகளாகும்.

பிறவி இதய நோய்க்கு கிளென் அறுவை செய்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவர்களுக்கு மேற்பெருஞ்சிரை நேரே நுரையீரல் தமனியோடு இணைக்கப்பட்டிருக்கும். கையில் போட்ட மருந்து இரு நுரையீரலுக்கும் சமமாகப் போகாது. பழைய முறை அறுவையில் வலது நுரையீரலுக்கு மட்டுமே போகும். அறுவை பற்றித் தெரியாமல் படித்தால் இடது தமனி முழுக்க அடைபட்டது போலத்தான் இருக்கும்.

4. காற்றோட்டப் படம்

டெக்னீசியம் ஏற்றிய டி.டி.பி.ஏ. ஏரோசால் (மூச்சில் இழுக்கும் நுண்துளிப் புகை) பயன்படுத்தினால் நெபுலைசரில் 900 முதல் 1300 மெகாபெக்கரல் வரை வைக்கிறோம். அதில் 20 முதல் 40 மெகாபெக்கரல் வரைதான் நுரையீரலைச் சேரும். இதை முதலில் எடுத்துவிட்டு, அதன்மேல் எம்.ஏ.ஏ. போடுகிறோம். இரண்டிலும் டெக்னீசியமே இருப்பதால் கேமராவால் பிரித்துப் பார்க்க முடியாது. ரத்த ஓட்டப் படத்தின் கவுன்ட் வேகம் காற்றுப் படத்தைவிடக் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுப் படம் எப்படி ஃபால்ஸ் பாசிடிவை உண்டாக்கும்? உண்மையில் காற்றும் குறைந்திருக்கும் இடத்தில், குறைவு தெரியாமல் போனால் மேட்ச் மிஸ்மேட்ச் ஆகிவிடும். ஏரோசாலை விழுங்கி உணவுக்குழாயில் தங்கினால், பிளேனார் (தட்டையான இரு பரிமாண) படத்தில் அது நுரையீரலின் உட்பகுதிமேல் படிந்து வெற்றிடத்தை மறைக்கும். படம் எடுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளிகளுக்கு ஏரோசால் பெரிய மூச்சுக்குழாய்களிலேயே திரண்டுவிடும். அந்தத் திரளின் ஒளி அருகில் உள்ள குறைகளை மூடும். ஒரு பக்கப் படத்தில் எதிர்ப்பக்க நுரையீரலின் ஒளி ஊடுருவித் தெரிவதும் இதே போல ஏமாற்றும். டெக்னிகாஸ் இருக்கும் இடங்களில் திரளும் தொல்லை குறைவு. அதன் கார்பன் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் ஓரம் வரை போகின்றன. கிரிப்டான்-81எம் இருந்தால் இன்னும் நல்லது. அதன் கதிர் 190 கே.இ.வி., டெக்னீசியத்துடையது 140. கேமரா இரண்டையும் பிரித்து ஒரே நேரத்தில் பதிவுசெய்யும், நோயாளி அசைந்தாலும் இரு படமும் சேர்ந்தே அசையும். ஆனால் 13 விநாடி அரை ஆயுள் கொண்ட வாயுவை ஜெனரேட்டரிலிருந்து நேரடியாகவே கொடுக்க வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் அது சாத்தியமில்லை.

காற்றுப் படமே எடுக்காமல் ரத்த ஓட்டப் படத்தை மட்டும் எடுக்க வேண்டிய நேரங்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க அப்படிச் செய்கிறோம். 2020-இல் கொரோனா காலத்தில் ஏரோசால் பயத்தால் பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். ரத்த ஓட்டம் முழுவதும் நன்றாக இருந்தால் எம்பாலிசம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். குறை தெரிந்தால் நிலைமை வேறு. ஆஸ்துமா நோயாளியின் குறையும் எம்பாலிசக் குறையும் அந்த ஒற்றைப் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதை மிஸ்மேட்ச் என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை.

5. கேமராவின் கீழ்

கைகள் தலைக்கு மேல் இருக்கட்டும். செயின், பேஸ்மேக்கர், சிலிக்கோன் மார்பகம், ஈ.சி.ஜி. கம்பி எதுவும் கதிரை மறைத்து வெற்றிடம் காட்டும். கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், முடியாததைக் குறியுங்கள். பிளேனார் எடுத்தால் ரத்த ஓட்டப் படத்துக்கு ஒவ்வொரு கோணத்திலும் 5 முதல் 10 லட்சம் கவுன்ட் வரும்வரை பொறுங்கள். அவசரத்தில் முன்பே நிறுத்தினால் படம் பொரிப்பொரியாக வந்து, இல்லாத குறைகளைக் காட்டும்.

ஸ்பெக்ட் (கேமரா சுற்றிவந்து எடுக்கும் முப்பரிமாணப் படம்) எடுக்கும்போது இரண்டு சுற்றுக்கும் நடுவில் நோயாளி எழுந்திருக்கக் கூடாது. ஊசியைப் படுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் இரு படங்களும் பொருந்தாமல், நுரையீரலின் ஒரு ஓரம் முழுக்க மெல்லிய மிஸ்மேட்ச் பட்டை தோன்றும். உதரவிதானத்தின் அருகில் இது இன்னும் அதிகம். சி.டி. சேர்த்து எடுக்கும்போது ஆழ்ந்த மூச்சை இழுத்துப் பிடிக்கவைத்தால் சி.டி.யில் நுரையீரல் கீழே இறங்கியிருக்கும், ஸ்பெக்டில் சாதாரண நிலையில் இருக்கும். சி.டி.யை வைத்துக் கதிர் இழப்பைத் திருத்திய படத்தில் அடிப்பகுதி பொய்யாகக் குறையும். அடியில் குறை தெரிந்தால் திருத்தப்படாத படத்தையும் திறந்து பாருங்கள்.

நெஞ்சுக்கூட்டில் நீர் உள்ளவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்தால் நீர் அடியில் தேங்கும், படுத்தால் முதுகுப்புறம் பரவும், மடல்களுக்கு நடுவே உள்ள பிளவுக்குள்ளும் ஓடும். காற்றை உட்கார்ந்து இழுத்து, ஊசியைப் படுத்துப் போட்டுக்கொண்டவரிடம் நீர் இடம் மாறியதே மிஸ்மேட்சாகத் தெரியும்.

6. படிக்கும்போது

முதலில் தரம் பாருங்கள், பிறகுதான் நோய். சூடான புள்ளி இருக்கிறதா? இருந்தால் மேல் வரம்பைக் குறைத்து மற்ற நுரையீரலைச் சரியான பிரகாசத்துக்குக் கொண்டுவாருங்கள். துகள் எண்ணிக்கை ஏட்டில் சரியா? இரு படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா?

அடுத்து வடிவம். எம்பாலிசக் குறை தமனியின் கிளையைப் பின்பற்றும்: ஆப்பு வடிவம், அகன்ற பக்கம் நுரையீரலின் வெளி ஓரத்தில், கூர்ந்த முனை ஹைலத்தை நோக்கி. படிக்கும்போது வலதில் 10, இடதில் 8 என்று 18 செக்மென்ட்களின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தளத்திலும் அந்தக் குறை அதே செக்மென்டில் நிற்க வேண்டும். ஒரு தளத்தில் மட்டும் தெரிவதை நம்பாதீர்கள். குறைக்கும் நுரையீரல் ஓரத்துக்கும் நடுவே மெல்லிய ரத்த ஓட்டப் பட்டை தெரிந்தால் அது எம்பாலிசத்துக்கு எதிரான சாட்சி, ஏனெனில் தமனி அடைபட்டால் ஓரம்தான் முதலில் வறளும். பிளவுக் கோட்டின் வழியே நீளும் குறை பிளவில் தேங்கிய நீரால் வரலாம். இதயம் பெரிதானவர்களிடம் லிங்குலாவும் (இடது மேல் மடலின் கீழ்ப்பகுதி) இடது அடியும் இதயத்தாலேயே மறைந்திருக்கும்.

கணினி தரும் காற்று-ரத்த விகிதப் படம் அழகாக நிறம் காட்டும். அது உதவிக்கு மட்டும். நுரையீரல் ஓரங்களில் இரு படத்திலும் கவுன்ட் குறைவு. குறைந்த எண்ணைக் குறைந்த எண்ணால் வகுத்தால் விகிதம் தாறுமாறாகத் துள்ளும். நிறத்தைப் பார்த்து எழுதாமல் மூலப் படத்தில் உறுதிசெய்த பிறகு எழுதுங்கள்.

எத்தனை குறை இருந்தால் பாசிடிவ்? திருத்திய பயோபெட் முறையில் இரண்டு பெரிய செக்மென்ட் மிஸ்மேட்ச் வேண்டும்; ஒரு செக்மென்டின் 75 சதவீதத்துக்கு மேல் போனால் அது பெரியது. ஐரோப்பிய வழிகாட்டியில் ஒரு செக்மென்ட் அல்லது இரண்டு துணைச் செக்மென்ட் போதும். இரண்டாவது முறை கட்டிகளைத் தவறவிடுவது குறைவு, ஆனால் மேலே சொன்ன நுட்பப் பிழைகளுக்கு இடமும் அதிகம் தரும். உங்கள் பிரிவு எதைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துகொண்டு ரிப்போர்ட்டில் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள். இரண்டையும் வசதிக்கேற்பக் கலப்பது மிக மோசமான வழக்கம்.

7. மிஸ்மேட்ச் உண்மை, கட்டி இல்லை

நுட்பத்தில் பிழையே இல்லை, ரத்தம் உண்மையாகவே போகவில்லை, ஆனாலும் புதிய எம்பாலிசம் இல்லை. இந்தக் கூட்டத்தில் முதலிடம் பழைய எம்பாலிசத்துக்கு. எல்லாக் கட்டியும் முழுதாகக் கரைவதில்லை. சிலருக்கு வடுவாக நிலைத்து ஆண்டுக்கணக்கில் அதே மிஸ்மேட்சைக் காட்டும். ஒற்றைப் படத்தை வைத்துப் பழையதா புதியதா என்று பிரிப்பது கடினம். பழைய குறையின் ஓரங்கள் மங்கலாகவும், செக்மென்டை முழுதாக நிரப்பாமலும் இருப்பதுண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு அது உறுதியானதல்ல. பழைய படம்தான் பதில்.

ஒரு நுரையீரல் முழுவதும் ரத்தமில்லாமல், மறு நுரையீரல் குறையே இல்லாமல் இருந்தால் எம்பாலிசத்தைக் கடைசியில் வையுங்கள். எம்பாலிசம் பெரும்பாலும் இருபக்கமும் சிதறி வரும். ஒருபக்க வெறுமைக்கு ஹைலத்தில் உள்ள புற்றுநோய், வீங்கிய நிணநீர் முடிச்சுகள், நார்த்திசு இறுகிய மீடியாஸ்டைனம் (இரு நுரையீரலுக்கும் நடுவே உள்ள பகுதி), விரிந்த அல்லது கிழிந்த அயோர்ட்டா, பிறவியிலேயே தமனி உருவாகாமை ஆகியவற்றைத் தேடுங்கள். மூச்சுக்குழாயின் சுவரில் குருத்தெலும்பு உண்டு. நுரையீரல் தமனியின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. அதனால் வெளியிலிருந்து எது அமுக்கினாலும் தமனிதான் முதலில் நசுங்கும். காற்று போகும், ரத்தம் போகாது.

இளம் பெண்ணுக்குப் பல மிஸ்மேட்ச் இருந்து, காலில் கட்டியும் இல்லை, டி-டைமரும் உயரவில்லை என்றால் டகாயாசு தமனி அழற்சியை நினையுங்கள். ஆசியாவில் இது அதிகம். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால் போதும். அப்ளேஷன் செய்தவர்களுக்குக் கோளாறு தமனியில் அல்ல, சிரையில்: நுரையீரல் சிரை சுருங்கினால் அந்த மடலுக்கு ரத்தம் வருவதே குறைந்துவிடும். கதிர்வீச்சு சிகிச்சையால் வந்த குறை செக்மென்டை மதிக்காது; கதிர் பாய்ந்த எல்லையை நேர்க்கோட்டில் பின்பற்றும். நுரையீரல் தமனிக்குள்ளேயே வளரும் சார்கோமா அரிது, ஆனால் மருந்துக்கு அசையாமல் பெரிதாகிக்கொண்டே போகும் 'கட்டி' அதுவாக இருக்கலாம். காசநோய் வடு உள்ள மேல் மடல்களில் ரத்த ஓட்டக் குறை காற்றுக் குறையைவிடப் பெரிதாகத் தெரிவதுண்டு. நம் ஊரில் காசநோய் வந்து போனவர்கள் பலர் என்பதால், எக்ஸ்ரேயில் வடு இருக்கும் இடத்துக் குறையை மிஸ்மேட்சாக எண்ணாதீர்கள்.

8. சந்தேகம் வந்தால்

நுட்பப் பிழை என்று தோன்றினால் ஒரு நாள் விட்டு ரத்த ஓட்டப் படத்தை மீண்டும் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் டெக்னீசியம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், துகளும் அதற்குள் கரைந்திருக்கும். புதிய வையல், புதிய கான்யுலா, மல்லாந்த நிலை. முதல் படத்தில் இருந்த குறை இரண்டாவதில் இடம் மாறினாலோ மறைந்தாலோ அது பெரும்பாலும் நம் கைவேலைதான். சிகிச்சை தொடங்கிவிட்டவர்களிடம் மட்டும், கட்டி கரைந்ததாலும் குறை சுருங்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சிறுநீரகமும் ஒவ்வாமையும் இடம் கொடுத்தால் சி.டி. ஆஞ்சியோ கேளுங்கள்; அது தமனிக்குள் கட்டி இருக்கிறதா, வெளியிலிருந்து எது அழுத்துகிறது என்று இரண்டையும் காட்டும். அது முடியாத நோயாளிக்குக் கால் டாப்ளர். காலில் கட்டி இருந்தால் எப்படியும் அதே மருந்துதான்.

ரிப்போர்ட்டில் 'மிஸ்மேட்ச் உள்ளது' என்பதையும் 'எம்பாலிசம்' என்பதையும் இரு வேறு வாக்கியங்களாக எழுதுங்கள். முதலாவது நீங்கள் கண்டது, இரண்டாவது நீங்கள் முடிவுசெய்தது. எந்தச் செக்மென்ட், எக்ஸ்ரேயில் அங்கே என்ன இருந்தது, எந்த நிலையில் ஊசி போட்டது, பழைய படம் கிடைத்ததா இல்லையா என்பதும் வர வேண்டும். எம்பாலிசம் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்து வைக்கும்படி கடைசி வரியில் பரிந்துரையுங்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மூச்சுத்திணறலோடு திரும்பி வந்தால், அன்று பணியில் இருப்பவர் எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்க்க அந்தப் படம் வேண்டும்.